ஆட்டிசம் உள்ளவர்களின் சொந்தக் குரலுக்கு நன்கொடை: எங்கே, எப்படி, என்ன கேட்டுக் கொடுப்பது

உலக ஆட்டிச விழிப்புணர்வு தினமான ஏப்ரல் 2 நெருங்கினால் ஆட்டிசத்துக்கு நன்கொடை கேட்டு வாட்ஸ்அப்பில் செய்திகள் வரத் தொடங்கிவிடும். ஒரு நடைப்பயணம், நீல டி-சர்ட், கீழே ஒரு க்யூஆர் கோடு. மனம் இளகி நாமும் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கிற இடத்தில் ஆட்டிசம் உள்ள ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தங்களைப் பற்றிய சட்டம், சிகிச்சை, பள்ளி, வேலை, வீடு எல்லாவற்றிலும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தாங்களே பேசவும் முடிவெடுக்கவும் நம் பணம் எப்படி உதவும் என்பதுதான் விஷயம். இப்படித் தங்களுக்காகத் தாங்களே பேசுகிறவர்களைச் செல்ஃப் அட்வகேட் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த இயக்கம் வேர்பிடித்தது அமெரிக்காவில் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான். அங்கே வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அவை நேரடியாகப் பயன்படும். தமிழ்நாட்டில் இருந்து கொடுப்பவர்களுக்கான பகுதி பின்னால் வருகிறது.

யார் இவர்கள்

1992இல் ஜிம் சின்க்ளேர், டோனா வில்லியம்ஸ், கேத்தி கிராண்ட் என்ற மூவர் ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மூவரும் ஆட்டிசம் உள்ளவர்கள். அடுத்த வருடம் டொரன்டோவில் நடந்த மாநாட்டில் சின்க்ளேர் பெற்றோர்களைப் பார்த்துப் பேசினார். எதிர்பார்த்த குழந்தை கிடைக்கவில்லை என்ற துக்கம் உங்களுடையது, அதை எங்கள் தலையில் ஏற்றாதீர்கள், எதிரில் இருக்கிற குழந்தைக்கு நீங்கள் தேவை என்பது அந்தப் பேச்சின் சாரம். அதுவரை ஆட்டிச மாநாடு என்றால் பெற்றோரும் மருத்துவரும் பேசுவார்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசப்படும் பொருளாக இருப்பார்கள்.

2006இல் ஏரி நேமன், ஸ்காட் ராபர்ட்சன் இருவரும் ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏசான் என்பார்கள். 2007 டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. 'உங்கள் மகன் எங்கள் பிடியில் இருக்கிறான்' என்று ஆட்டிசமே எழுதுவது போல, கடத்தல்காரன் மிரட்டல் கடித பாணியில். ஏசான் அப்போது ஒரு வயதுக் குழந்தை. பெரிய அலுவலகம் கிடையாது, பணமும் கிடையாது. மற்ற மாற்றுத்திறனாளி அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு மின்னஞ்சல், போன், கையெழுத்து இயக்கம் என்று இறங்கினார்கள். அந்த மாதமே விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது.

சரி, நன்கொடைக்கு வருவோம்.

படி 1: முடிவெடுப்பது யார் என்று பாருங்கள்

ஆட்டிசம் என்ற சொல் பெயரில் இருப்பதால் அமைப்பு அவர்களுடையது ஆகிவிடாது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2018இல் வெளியிட்ட 7ஆம் பொதுக் கருத்துரையில் ஒரு கோடு போட்டிருக்கிறது: மாற்றுத்திறனாளிகளே நடத்தி, வழிநடத்தி, உறுப்பினரில் தெளிவான பெரும்பான்மையாகவும் இருக்கும் அமைப்பு ஒரு வகை. அவர்களுக்காக மற்றவர்கள் நடத்தும் அமைப்பு வேறு வகை. அரசுகள் கலந்தாலோசிக்கும்போது முதல் வகைக்குத்தான் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அந்தக் கருத்துரை. நன்கொடை கொடுக்கும் நமக்கும் இதே அளவுகோல் போதும்.

அமைப்பின் இணையதளத்தில் நிர்வாகக் குழுப் பக்கத்தைத் திறங்கள். எத்தனை பேர் தங்களை ஆட்டிசம் உள்ளவர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்? தலைவர், செயல் இயக்குநர், பொருளாளர் பதவிகளில் யார்? இங்கே ஒரு கண்கட்டு உண்டு. சில இடங்களில் செல்ஃப் அட்வகேட் ஆலோசனைக் குழு என்று தனியாக ஒன்று இருக்கும். புகைப்படம் அழகாக இருக்கும், ஓட்டுரிமை இருக்காது. ஆலோசனை கேட்பதும் முடிவெடுக்கும் அதிகாரம் தருவதும் ஒன்றல்ல.

சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்டுவிடுங்கள். நான் சொல்லும் மாதிரி இது:

'வணக்கம். உங்கள் அமைப்புக்கு மாதாமாதம் நன்கொடை தர நினைக்கிறேன். அறங்காவலர் குழுவில் ஓட்டுரிமையுடன் ஆட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர்? சம்பளம் பெறும் ஊழியர்களில் எத்தனை பேர்? கடந்த ஒரு வருடத்தில் அவர்கள் சொன்னதால் அமைப்பு மாற்றிக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்ல முடியுமா? யாருடைய பெயரோ மருத்துவ விவரமோ எனக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும்.'

கடைசி வரி முக்கியம். வெளியே சொல்ல விரும்பாதவர்கள் இருக்கலாம், அவர்களை நம் நன்கொடையைக் காட்டிப் பேச வைக்கக் கூடாது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். உண்மையாக மாறிய இடத்தில் ஒரு குறிப்பான சம்பவம் சொல்வார்கள். மாறாத இடத்தில் 'அனைவரின் கருத்தையும் மதிக்கிறோம்' என்று வரும்.

ஆட்டிசம் ஸ்பீக்ஸ் கதையைத் தெரிந்துகொள்வது இங்கே உதவும். 2005இல் பாப் ரைட், சூசன் ரைட் தம்பதி தங்கள் பேரனை முன்னிட்டுத் தொடங்கியது அது, இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். 2009இல் அது வெளியிட்ட ஒரு வீடியோவில் ஆட்டிசம் குடும்பங்களைச் சிதைக்கும் பூதம் போலப் பேசியது. எதிர்ப்பு கிளம்பியது. அதன் ஆலோசனைக் குழுக்களில் இருந்த ஆட்டிசம் உள்ள எழுத்தாளர் ஜான் எல்டர் ராபிசன் 2013இல் விலகினார். 'குணப்படுத்துவது' என்ற நோக்கத்தை 2016இல்தான் அந்த அமைப்பு தன் கொள்கைக் குறிப்பில் இருந்து எடுத்தது. பணம் குறைவாக இருந்ததால் வந்த கோளாறு இல்லை இது.

பெற்றோர் நடத்தும் அமைப்புகளுக்குக் கொடுக்கவே கூடாதா என்றால், தாராளமாகக் கொடுங்கள். தமிழ்நாட்டில் பல சிகிச்சை மையங்களும் பள்ளிகளும் பெற்றோர் கைக்காசில் உருவானவை. சிகிச்சையும் பள்ளியும் ஒரு தேவை, சொந்தக் குரல் வேறு தேவை. முதலாவதற்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதற்கும் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

படி 2: கணக்கைப் படியுங்கள், ஆனால் தப்பாகப் படிக்காதீர்கள்

அமெரிக்காவில் 501(சி)(3) தகுதி, அதாவது வரிவிலக்கு உள்ள தொண்டு நிறுவனம் என்ற தகுதி பெற்ற அமைப்புகள் வருடந்தோறும் 990 படிவம் என்ற வரவு செலவு அறிக்கையை வரித்துறையிடம் தாக்கல் செய்யும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். 7ஆம் பகுதியில் நிர்வாகிகளும் அவர்கள் சம்பளமும், 8இல் வருமானம் வந்த வழி, 9இல் செலவு. வருடத்துக்கு 50,000 டாலருக்குள் வரவு உள்ள சின்ன அமைப்புகள் மின் அஞ்சலட்டை என்ற ஒரு சிறு படிவம் மட்டுமே போடும். அங்கே விவரம் இல்லை என்பதால் ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், சம்பளச் செலவைப் பார்த்ததும் முகம் சுளிப்பது. 'பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போகிறதே!' அன்னதானக் கணக்கை வைத்து இதை அளக்க முடியாது. சட்ட வரைவைப் படித்துக் கருத்து எழுதுவது, அதை எளிய மொழியில் மாற்றிப் போடுவது, நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் போய் உட்காருவது, எல்லாமே மனிதர்கள் செய்யும் வேலை. அந்த மனிதர்கள் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்தால் அவர்களுக்குப் போகும் சம்பளமே நாம் கேட்ட பலன்.

மற்ற அமைப்புகளில் காணாத சில செலவுகளும் இங்கே இருக்கும். ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பேசப்போகும் விஷயங்களைச் சில நாள் முன்பே எளிய மொழியில் அனுப்ப வேண்டும், ஏனென்றால் திடீர்க் கேள்விக்கு உடனே பதில் வராது, யோசிக்க நேரம் வேண்டும். பேசுவது உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் ஓட ஒருவரை அமர்த்த வேண்டும். டேப்லெட்டில் தட்டச்சு செய்து பேசுகிறவர் ஒரு வாக்கியம் முடிக்கும்வரை மற்றவர்கள் வாய்திறக்காமல் இருக்க வேண்டும், ஆகவே ஒரு மணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரம் போகும். கூட வரும் உதவியாளருக்கும் டிக்கெட், சாப்பாடு, சம்பளம். ரீங்காரம் போடும் டியூப்லைட் உள்ள மலிவான ஹால் ஒத்துவராமல் கொஞ்சம் அதிகம் கொடுத்து வேறு ஹால் பிடிக்க வேண்டியிருக்கும். கணக்கில் இவை 'நிர்வாகச் செலவு' என்று விழலாம். இவை இல்லாவிட்டால் கூட்டமே இல்லை.

படி 3: நிபந்தனை போடாமல் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேன்டன் ஊரில் ஜட்ஜ் ராட்டன்பர்க் மையம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்கள் தங்கியிருக்கும் இடம். அங்கே சிலரின் உடம்பில் ஒரு கருவியைக் கட்டி, நடத்தையை 'மாற்ற' மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். இதை நிறுத்தச் சொல்லி ஏசானும் மற்ற மாற்றுத்திறனாளி அமைப்புகளும் பல வருடங்களாகப் போராடுகின்றன. 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்துத் துறை அந்தக் கருவியைத் தடை செய்தது. 2021 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், துறைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தடையை ரத்து செய்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதிகாரத்தைக் கொடுத்தது. 2024 மார்ச்சில் துறை மீண்டும் தடையை முன்மொழிந்தது.

இந்த வரிசையில் எந்த இடத்தில் 'திட்டம்' தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது? ஒரு வருட நிதி கொடுத்து, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று மார்ச் 31க்குள் அறிக்கை கேட்கும் நன்கொடையாளர் 2021 ஜூலையில் என்ன எழுதியிருப்பார்? தோல்வி என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். அந்தச் சமயத்தில்தான் அடுத்த படிக்குப் பணம் தேவைப்பட்டது.

சட்டம் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் சட்டமியற்றுபவர்களிடம் வாதாடுவதற்கு என்று குறித்து நிதி கொடுக்க முடியாது. 501(சி)(3) அமைப்பு ஓரளவு வாதாடலாம். அதற்கென்று உள்ள கணக்கு முறையை அமைப்பு தேர்ந்தெடுத்துக்கொண்டால் முதல் 5 லட்சம் டாலர் செலவில் 20 சதவீதம் வரை அனுமதி, அதற்கு மேல் விகிதம் குறைந்துகொண்டே போகும். தனி மனிதர்கள் நிபந்தனையின்றிக் கொடுக்கும் பணம் இந்த வேலைக்குத் தடையில்லாமல் பயன்படும். பெரிய அறக்கட்டளையின் லட்சம் டாலரால் செய்ய முடியாததை உங்கள் 25 டாலர் செய்யும்.

ஆகவே, 'அமைப்பின் பொதுச் செலவுக்கு' என்று குறிப்பிட்டு மாதாமாதம் போகும்படி கொடுங்கள். வருடக் கடைசியில் 600 டாலர் மொத்தமாகத் தருவதைவிட மாதம் 50 டாலர் நல்லது. அடுத்த மாதச் சம்பளம் போட முடியுமா என்று அவர்களுக்குத் தெரியும்.

படி 4: அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க

நீங்கள் கொடுப்பதற்கு ஈடாக உங்கள் கம்பெனியும் இணைத்தொகை தருகிறதா என்று முதலில் பாருங்கள். ஐடி நிறுவனங்கள் பலவற்றில் உண்டு, பெனிவிட்டி போன்ற தளம் வழியாக நடக்கும். அமைப்பின் வரி அடையாள எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். பட்டியலில் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். இணைத்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி உண்டு, அதைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம்.

வரி விஷயத்தில் 2026 முதல் ஒரு மாற்றம். நிலையான கழிவு எடுப்பவர்களும் ரொக்க நன்கொடைக்குத் தனியாக 1,000 டாலர், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். முதலில் பணத்தைப் போட்டுவைத்து, யாருக்குப் போக வேண்டும் என்று பிறகு சொல்லும் டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் போடும் பணம் இதில் சேராது. கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுபவர்களுக்கு வருமானத்தில் 0.5 சதவீதத்துக்கு மேல் உள்ள நன்கொடை மட்டுமே கணக்கில் வரும். கம்பெனிப் பங்குகள் ஒரு வருடத்துக்கு மேல் கையில் இருந்து விலை ஏறியிருந்தால் விற்காமல் பங்காகவே கொடுங்கள், ஆதாய வரி விழாது.

ஏசான் தவிர வேறு இடங்களும் உண்டு. ஆட்டிஸ்டிக் உமன் அண்ட் நான்பைனரி நெட்வொர்க் 2009இல் தொடங்கியது. பேச்சை மட்டும் நம்பியிருக்க முடியாதவர்களின் உரிமைக்காகக் கம்யூனிகேஷன்ஃபர்ஸ்ட் 2019இல் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே பணம் போக வேண்டும் என்றால் 2008இல் தொடங்கிய டிசபிலிட்டி ரைட்ஸ் ஃபண்டைப் பாருங்கள். வளரும் நாடுகளில் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் அமைப்புகளுக்கு அது நிதி தருகிறது. யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கும் குழுவிலும் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள்.

படி 5: தமிழ்நாட்டில் இருந்து

இந்தியாவில் சட்டம் தாளில் நன்றாகவே இருக்கிறது. 2007இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றோம். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று. மறுபக்கம், 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி 18 வயது தாண்டிய ஆட்டிசம் உள்ளவருக்கு மாவட்ட அளவிலான குழு வழியாகப் பாதுகாவலரை நியமிக்கும் வழக்கம் தொடர்கிறது. வங்கிக் கணக்கு, சொத்து, எங்கே வசிப்பது என்று எல்லாவற்றிலும் வேறொருவர் கையெழுத்து. செல்ஃப் அட்வகேட்டுகளுக்கு இங்கே வேலை நிறையக் கிடக்கிறது.

நிதி வாங்கப் பதிவு பெற்ற அமைப்புகள்தான் குறைவு. பெற்றோர் கூட்டமைப்பான பரிவாரின் துணையோடு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான செல்ஃப் அட்வகேட்ஸ் ஃபோரம் ஆஃப் இந்தியா இருக்கிறது. சென்னையில் 1985 முதல் இயங்கும் வித்யா சாகர் சிகிச்சை, கல்வியோடு உரிமைப் பணியும் செய்கிறது. இப்படி ஒரு பெரிய அமைப்புக்குள் செல்ஃப் அட்வகேட்டுகள் செயல்பட்டால், நன்கொடையை அவர்கள் கூட்டங்களுக்கு என்று குறித்துக் கொடுப்பதில் தப்பில்லை. நிபந்தனை போடாதீர்கள் என்ற விதிக்கு இது விலக்கு. பணத்தைச் செலவிடும் முடிவு அவர்களுடையது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவில்லாத சின்னக் குழுவுக்கோ தனி நபருக்கோ நேரடியாகக் கொடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடம் இருந்து ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு வரும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் அவர் வருமானமாகக் கணக்கிடப்படும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே கணக்கில் போட்டு அவரை மாட்டிவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து அனுப்புபவர்கள் பார்க்க வேண்டியது எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதியைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம். இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் அனுப்பினால் ஆகும். வாங்கும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்க வேண்டும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வாங்கிய அமைப்பு வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. அதனால் 'பெரிய அமைப்பிடம் கொடுத்தால் சின்னக் குழுவுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்' என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது.

வரிக்கழிவு பற்றி: 80ஜி என்று நாம் பழகிய சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. அமைப்பிடம் நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். 2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் மாறியிருக்கிறது, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

படி 6: பேசுவதற்கான கருவி

'என் பிள்ளை பேசவே மாட்டான், இவர்கள் எப்படி அவனுக்காகப் பேச முடியும்?' பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. வாயால் பேசாதவர்களும் செல்ஃப் அட்வகேட்டுகளாக இருக்கிறார்கள், படத்தைத் தொட்டு, தட்டச்சு செய்து. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய அவாஸ் இதற்கான செயலிதான். படங்களைத் தொட்டு வாக்கியம் அமைத்தால் குரலாக ஒலிக்கும், தமிழிலும் உண்டு. அவருடைய பெயர் 2011இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூவின் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் வந்தது.

ஒரு டேப்லெட், செயலி, கீழே போட்டால் உடையாத உறை, பயிற்சி தரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளருக்குக் கட்டணம், நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். டேப்லெட் மட்டும் வாங்கிக் கொடுத்தால் ஆறு மாதத்தில் அதில் யூடியூப்தான் ஓடும். கருவி அந்த நபருடையதாக இருக்கட்டும், பள்ளி அலமாரியில் பூட்டி வைப்பதாக இருந்தால் கொடுக்க வேண்டாம்.

இன்னொருவர் கையைப் பிடித்தோ பலகையைத் தூக்கிப் பிடித்தோ எழுத வைக்கும் முறைகளும் புழக்கத்தில் இருக்கின்றன. எழுத்து யாருடையது என்ற சந்தேகத்தால் அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கம் 2018இல் அவற்றை ஏற்க மறுத்தது. செல்ஃப் அட்வகேட் தரப்பில் அந்த முடிவுக்கு எதிர்ப்பு வந்தது. இதில் என் நிலை எளிது: உதவியாளர் இல்லாமலே தொட்டுச் சொல்லக்கூடிய கருவிக்கு முதலில் பணம் கொடுப்பேன்.

படி 7: நீங்களே நிதி திரட்டினால்

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலோ அலுவலகத்திலோ நிதி திரட்டுவதானால் பேனரில் புதிர்த்துண்டுப் படம் போடாதீர்கள். 1963இல் பிரிட்டனில் அழும் குழந்தையின் படத்தோடு வந்த சின்னம் அது, செல்ஃப் அட்வகேட்டுகள் பலருக்குப் பிடிக்காது. பொன்னிறத்திலோ வானவில் நிறத்திலோ முடிவிலிக் குறி (∞) போடலாம்.

மேடையில் பேச ஆட்டிசம் உள்ள ஒருவரை அழைத்தால் மற்றப் பேச்சாளருக்குத் தரும் அதே கட்டணத்தைத் தாருங்கள். பொன்னாடையும் கேடயமும் கட்டணத்தில் சேராது! கேள்விகளை முன்பே அனுப்புங்கள். ஸ்பீக்கர் சத்தம் எட்டாத ஓர் அறை ஒதுக்குங்கள். எழுதி அனுப்பி வேறொருவர் வாசிக்கட்டும் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். பெற்றோர் எடுத்த வீடியோவில் பிள்ளை அழுது புரள்வதைத் திரையில் போட்டு நிதி கேட்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையும் அதைப் பார்ப்பான்.

கொடுத்த பிறகு அமைப்பிடம் பயனாளி புகைப்படமோ நெகிழ்ச்சிக் கதையோ கேட்காதீர்கள். ஆண்டறிக்கை போதும். மாதத் தொகையை நிறுத்த வேண்டிய நிலை வந்தால் மூன்று மாதம் முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள அது உதவும்.